வீட்டிலேயே போட்டோ பிரிண்ட்: எந்தப் பேப்பரை வாங்குவது?

ஸ்டேஷனரி கடையில் போய் "போட்டோ பேப்பர் வேணும்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி பாக்கெட்தான் கைக்கு வரும்: ஏ4 அளவு, 180 ஜி.எஸ்.எம்., ஹை கிளாஸி. அட்டையில் ஜி.எஸ்.எம். எண் பெரிதாகப் போட்டிருக்கும். புதிதாக வாங்குபவர் கண்ணில் முதலில் படுவதும் அந்த எண்தான். எண் ஏறினால் தரமும் ஏறும் என்று நம்பி 180ஐ வைத்துவிட்டு 230ஐ வாங்கி வருகிறார். ஆனால் அந்த எண் பேப்பரின் எடையை மட்டுமே சொல்கிறது. கறுப்பு எவ்வளவு கறுப்பாக விழும், மை எவ்வளவு நேரத்தில் காயும், பத்து வருடம் கழித்து அம்மாவின் முகம் எந்த நிறத்தில் இருக்கும் என்பதெல்லாம் வேறு மூன்று விஷயங்களைப் பொறுத்தவை: பிரிண்டரில் இருக்கும் மை, பேப்பர் மேல் பூசியிருக்கும் பூச்சு, அந்தப் பூச்சுக்கு அடியில் இருக்கும் பொருள். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பணமும் மிச்சம், படமும் நிற்கும்.

இங்கே சொல்வது எல்லாம் மையைத் தெளித்து அச்சடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டருக்கு, குறிப்பாக இப்போது பல வீடுகளுக்கும் வந்துவிட்ட, பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டருக்கு. லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இங்க்ஜெட் போட்டோ பேப்பரை அதில் போடவே கூடாது. டோனர் என்ற மைத்தூளை உருக்கி ஒட்டவைக்கும் ஃப்யூசர் உருளை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இயங்குவது. நல்ல போட்டோ பேப்பரில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் அதில் உருகி ஒட்டிக்கொண்டால் பிரிண்டரே பாழாகிவிடும். கேனன் செல்ஃபி (Selphy) மாதிரியான சின்ன போட்டோ பிரிண்டர்களுக்கு ரிப்பனும் பேப்பரும் சேர்ந்தே ஒரு செட்டாக வரும் என்பதால் அங்கே தேர்வுக்கு வேலை இல்லை.

முதல் படி: உங்கள் பிரிண்டரில் என்ன மை?

வீட்டு பிரிண்டர்களுக்கு வரும் மை இரண்டு வகை. டை இங்க் என்பது திரவத்தில் முழுதாகக் கரைந்த சாயம். அது பேப்பரின் பூச்சுக்குள் இறங்கிவிடும். அதனால் கிளாஸி பேப்பரின் பளபளப்பு கெடாது, நிறம் ஆழமாகத் தெரியும். பிக்மென்ட் இங்க்கில் கரையாத நுண்ணிய நிறத்துகள்கள் மிதக்கின்றன. அவை பூச்சின் மேலாகவே தங்கும். வெளிச்சத்தையும் ஈரத்தையும் டை இங்க்கைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் மலிவான கிளாஸி பேப்பரில் பிடிமானம் கிடைக்காமல் விரல் பட்டாலே இழுபடும்.

மை பாட்டிலின் லேபிளிலோ பிரிண்டரின் கையேட்டிலோ எந்த வகை என்று போட்டிருக்கும். எப்சன் எல்3210, எல்3250 போன்றவற்றில் நான்கு நிறமும் டை. எப்சன் எல்805, எல்8050 இரண்டும் ஆறு நிற பிரிண்டர்கள், அவையும் டை. வழக்கமான நான்கோடு லைட் சியானும் (வெளிர் நீலம்) லைட் மெஜன்டாவும் (வெளிர் இளஞ்சிவப்பு) சேர்வதால் நெற்றி, கன்னம் போன்ற வெளிச்சமான இடங்களில் புள்ளி தெரியாமல் வழவழவென்று வரும். கேனன் பிக்ஸ்மா ஜி2010, ஜி3010, எச்.பி. ஸ்மார்ட் டேங்க் 500 வரிசை ஆகியவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. கேனன் இமேஜ்புரோகிராஃப் புரோ-300 போன்ற பெரிய பிரிண்டர்கள் முழுக்க பிக்மென்ட்.

கறுப்பு பிக்மென்ட், மற்றவை டை என்று இருக்கும் பிரிண்டர்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தே ஆகவேண்டும். அந்தக் கறுப்பு, சாதாரணப் பேப்பரில் எழுத்து பளிச்சென்று விழுவதற்காக வைத்தது. பிரிண்ட் செட்டிங்கில் போட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று வண்ணங்களையும் கலந்தே இருட்டை உண்டாக்கும். தேர்ந்தெடுக்க மறந்து 'பிளெய்ன் பேப்பர்' என்றே விட்டுவிட்டால் பிக்மென்ட் கறுப்பு கிளாஸி பூச்சின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தலைமுடி, கோட்டு, பேன்ட் எல்லாம் கட்டைவிரலால் தேய்த்தால் கரியாக வழித்துக்கொண்டு வரும். "இந்தக் கம்பெனி பேப்பரில் மையே ஒட்டுவதில்லை" என்று யாராவது சொன்னால், பேப்பரைத் திட்டும் முன் இந்த செட்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பெனி மைக்குப் பதில் வேறு மை ஊற்றியிருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். பிரிண்டர் கம்பெனி தன் பேப்பருக்கான நிறக் கணக்கைத் தன் மையை வைத்துத்தான் போட்டிருக்கும். மை மாறினால் அதே பேப்பரில் முகம் சிவந்தோ பச்சை தட்டியோ வரலாம். போட்டோ பிரிண்ட்தான் முக்கிய வேலை என்றால் கம்பெனி மையையே வாங்குங்கள் என்பது என் கருத்து. பேப்பரில் வேறு பிராண்டுக்குப் போகலாம், தவறில்லை.

இரண்டாவது படி: அந்தப் படம் எங்கே இருக்கப்போகிறது?

பேப்பரைப் பற்றி யோசிக்கும் முன் படத்தைப் பற்றி யோசியுங்கள். ஆல்பத்துக்குள் போகிறதா, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதா, வீட்டுக்கு வருபவர்கள் கையில் வாங்கிப் பார்ப்பதா, பள்ளி புராஜெக்ட் நோட்டில் ஒட்டி மாதக் கடைசியில் தூக்கிப்போடுவதா?

புராஜெக்ட் நோட்டுக்குக் கடையில் கிடைக்கும் மலிவான 130 அல்லது 180 ஜி.எஸ்.எம். கிளாஸியே போதும். அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். கைமாறிக்கொண்டே இருக்கும் படங்களுக்குக் கைரேகை தெரியாத மேற்பரப்பு வேண்டும். ஆல்பத்துக்குள் போவதும் கண்ணாடிக்குப் பின்னால் போவதும் பல வருடம் இருக்கவேண்டியவை, நல்ல பேப்பருக்கான பணத்தை அங்கே போடுங்கள். சட்டமே போடாமல் சுவரில் அப்படியே ஒட்டிவைப்பதுதான் டை இங்க் படத்துக்கு ஆகாத இடம். வெளிச்சம் மட்டுமல்ல, காற்றில் இருக்கும் ஓசோனும் சாயத்தைத் தின்னும். மை உடனே காய்வதற்காக நுண்துளைகளோடு செய்த பூச்சுக்குள் காற்றும் சுலபமாகப் போய்வருகிறது. கண்ணாடி போட்ட படமும் மூடிய ஆல்பத்தில் இருக்கும் படமும் அதிக நாள் தாங்குவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது படி: மேற்பரப்பு

கிளாஸி, லஸ்டர், மேட் என்று மூன்று. சாட்டின், செமிகிளாஸ் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதையும் லஸ்டர் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

கல்யாணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணப்பெண் அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு கட்டியிருக்கிறார், அகலமான ஜரிகை பார்டர், பின்னால் இருட்டான மண்டபம். இதே படத்தை மூன்றிலும் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளாஸியில் அரக்கு ஆழமாக இறங்கியிருக்கும், ஜரிகை மினுங்கும், மண்டபத்தின் இருட்டு நல்ல கறுப்பாக இருக்கும். ஆனால் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தால் பாதிப் படத்தில் டியூப்லைட்தான் தெரியும். எடுத்துப் பார்த்தவர்களின் கைரேகையும் விழுந்திருக்கும். லஸ்டரில் மேற்பரப்பு மிக நுண்ணிய பொடிப் புள்ளிகளாக மேடுபள்ளமாக இருப்பதால் வெளிச்சம் சிதறிவிடும். நிறத்தின் ஆழம் கிளாஸிக்கு அருகில் இருக்கும், கைரேகை கண்ணில் படாது. மேட் பேப்பரில் அந்த இருட்டு கரும்சாம்பலாக வரும். அரக்கு கொஞ்சம் மங்கும், ஜரிகை மஞ்சள் நூலாகத் தெரியும். எந்தக் கோணத்தில் பிடித்தாலும் முகம் மட்டும் கூசாமல் தெரியும்.

மேட் மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை. பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம், மழைநாளில் எடுத்த தெரு, பென்சில் ஓவியத்தின் ஸ்கேன், பழைய கறுப்புவெள்ளைப் படத்தின் பிரதி போன்ற மெல்லிய சாயல்கள் நிறைந்த படங்களுக்கு மேட்தான் அழகு. கண்ணாடி போட்டு மாட்டப்போகும் படத்துக்கும் மேட் பொருத்தம். மினுமினுப்பைக் கண்ணாடியே கொடுத்துவிடுகிறது. கிளாஸி பேப்பரையும் கண்ணாடியையும் சேர்த்தால் பளபளப்பு இரட்டிப்பாகி உறுத்தும்.

கறுப்புவெள்ளைப் படத்துக்கு ஒரு கூடுதல் குறிப்பு. நான்கு நிற வீட்டு பிரிண்டரில் சாம்பல் நிறத்தை வண்ணங்களைக் கலந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதனால் ஓர் இடத்தில் பச்சையும் இன்னோர் இடத்தில் ஊதாவும் லேசாகத் தட்டும். எடிட்டிங் ஆப்பில் படம் முழுக்க மிக மெல்லிய பழுப்புச் சாயல் கொடுத்துவிட்டு, மேட் அல்லது லஸ்டரில் அடியுங்கள். அந்தத் தட்டல் கண்ணில் படாமல் போய்விடும், பழைய படத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

முதல் பேப்பராக ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் லஸ்டர் வாங்குங்கள். முகங்கள் நிறைந்த குடும்பப் படங்களுக்கு அதைவிட ஒத்துவரும் பேப்பரை நான் பார்க்கவில்லை.

நான்காவது படி: பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது?

பெரும்பாலானவர்கள் கேட்காமல் விடும் கேள்வி இது. விலை வித்தியாசத்தின் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

ரெசின் கோட்டட், சுருக்கமாக ஆர்.சி. பேப்பர் என்றால், நடுவில் காகிதம், அதன் இரண்டு பக்கமும் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் படலம், முன்பக்கப் படலத்தின் மேல் மை உறிஞ்சும் பூச்சு. ஸ்டுடியோவில் கழுவித் தரும் கலர் போட்டோவின் பேப்பருக்கும் அடித்தளம் இதே அமைப்புதான். நல்ல ஆர்.சி. பேப்பரில் அடித்த படத்தைக் கையில் வாங்கினால் ஸ்டுடியோ படம் போலவே இருப்பதற்கு அதுதான் காரணம். மையில் இருக்கும் ஈரம் காகிதத்துக்குள் இறங்க முடியாது. எவ்வளவு இருட்டான படமாக இருந்தாலும் தாள் நெளியாது.

காஸ்ட் கோட்டட் பேப்பரில் பிளாஸ்டிக் படலம் கிடையாது. காகிதத்தின் மேல் பூச்சைத் தடவி, ஈரத்தோடு அதைக் கண்ணாடி போல மெருகேற்றிய சூடான உருளையில் அழுத்திக் காயவைத்துப் பளபளப்பை வரவழைக்கிறார்கள். செலவு குறைவு, பளபளப்பும் நிறைய. ஆனால் மையின் ஈரம் நேரே காகிதத்துக்குள் போகும். இருட்டான பகுதி அதிகம் உள்ள படத்தில் தாள் அலை அலையாக நெளியும். ஈரக்கை பட்டால் டை மை கலங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 180 ஜி.எஸ்.எம். கிளாஸி பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பிக்மென்ட் மைக்கு இது சுத்தமாக ஒத்துவராது.

பாக்கெட்டில் 'ரெசின் கோட்டட்', 'ஆர்.சி.', 'பி.இ. கோட்டட்' என்று ஏதாவது இருந்தால் வேலை முடிந்தது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து முடிவு செய்யவேண்டாம். ஒரு தாளை எடுத்துச் சோதித்துவிடுங்கள். பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஆர்.சி. என்றால் அடையாளமே இல்லாமல் வழித்துக்கொண்டு போகும். காஸ்ட் கோட்டட் என்றால் ஈரம் ஊறி அந்த இடம் இருண்டு, காகிதம் உப்பியிருக்கும். அப்புறம் ஒரு மூலையை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். ஆர்.சி. பேப்பர் சட்டென்று கிழியாது, கிழிந்த ஓரத்தில் மெல்லிய படலம் இழுபட்டு நிற்கும். பென்சிலால் பின்னால் எழுதிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும்: காஸ்ட் கோட்டட்டில் சாதாரணத் தாள் போல எழுதும், பெரும்பாலான ஆர்.சி.யில் வழுக்கும்.

எந்தப் பக்கம் அடிப்பது என்ற குழப்பம் மேட் பேப்பரில் வரும். விரலை லேசாக ஈரமாக்கி ஒரு மூலையில் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். ஒட்டிப் பிடிக்கும் பக்கம்தான் பூச்சு. வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் கூடுதல் வெள்ளையாகவும் இருக்கும்.

வெள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். பல பேப்பர்கள் பளீர் என்று நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது அவற்றில் சேர்க்கும் வெளிறூட்டிகளால். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் ரசாயனங்கள் அவை. காலப்போக்கில் அந்தச் சக்தி தீர்ந்து பேப்பர் மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழே பேப்பரைக் காட்டினால், வெளிறூட்டி நிறைய இருப்பது நீலமாக ஒளிரும். ஆல்பம் படங்களுக்கு இதற்காகக் கவலைப்பட வேண்டாம். பேரன் பேத்தி காலம் வரை இருக்கவேண்டிய படம் என்றால் பார்த்து வாங்குங்கள்.

அப்படிப்பட்ட படங்களுக்கென்றே பருத்தி இழையில் செய்யும் பேப்பர்கள் உண்டு. ஜெர்மனியின் ஹானமூலே 1584 முதல் காகிதம் செய்யும் நிறுவனம். அதன் ஃபோட்டோ ராக் 308 முழுக்கப் பருத்தி. பிரான்ஸின் கான்சன் அதைவிடப் பழையது, 1557. பேரைட்டா என்ற பேரில் வருபவை, பழைய டார்க்ரூம் பேப்பரில் இருந்தது போலப் பேரியம் சல்பேட் அடுக்கு கொண்டவை. தொட்டுப் பார்த்தாலே ஆசை வரும் பேப்பர்கள் இவை. ஆனால் இவற்றின் ஆயுளை முழுதாகப் பயன்படுத்த பிக்மென்ட் மை வேண்டும். டை மையில் அடித்தால் பேப்பர் நூறு வருடம் இருக்கலாம், அதன் மேல் இருக்கும் முகம் அதற்கு முன்பே வெளுத்துவிடும். டை பிரிண்டர் வைத்திருப்பவர் அந்தப் பணத்தை நல்ல ஆர்.சி. பேப்பரிலும் சட்டத்திலும் போடுவது நல்லது.

ஐந்தாவது படி: எடையும் அளவும்

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். ஏ4 தாள் சரியாகச் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 180 ஜி.எஸ்.எம். ஏ4 தாள்கள் 20ஐச் சமையலறைத் தராசில் வைத்தால் 225 கிராம் ஒட்டி இருக்கவேண்டும். பாக்கெட்டில் போட்டிருப்பது உண்மையா என்று இப்படிச் சரிபார்க்கலாம்.

கையில் பிடித்தால் போட்டோ என்ற உணர்வு வர ஆர்.சி. பேப்பரில் 240 முதல் 265 வரை போதும். கேனனின் புரோ லஸ்டர் 260, எப்சனின் பிரீமியம் கிளாஸி 255. மேட்டில் 170 சுற்றியே நல்லவை கிடைக்கும். கேனனின் மேட் போட்டோ பேப்பர் 170, எப்சனின் ஹெவிவெயிட் மேட் 167. 300க்கு மேல் போவதற்கு முன் உங்கள் பிரிண்டர் எவ்வளவு தடிமன் தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். பேப்பரை முன்பக்க டிரேயில் போட்டு உள்ளே வளைத்துத் திருப்பி எடுக்கும் பிரிண்டர்களில் தடித்த தாள் சிக்கும். பின்னால் செங்குத்தாகப் போடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அளவில் 4×6 அங்குலத்தில் தொடங்குவது நல்லது. ஸ்டுடியோக்காரர்கள் மேக்ஸி சைஸ் என்பது இதைத்தான். ஆல்பங்களும் சட்டங்களும் இந்த அளவுக்குச் சுலபமாகக் கிடைக்கும், பரிசோதனையில் பேப்பர் வீணானாலும் சின்னத் தாள்தான். ஃபோன் கேமரா படம் பொதுவாக 4:3 விகிதம். 4×6 தாள் 3:2. தாள் முழுக்க நிரப்பினால் படத்தின் குறுகலான பக்கத்தில் ஏறக்குறைய 11 சதவீதம் வெட்டுப்படும். குரூப் போட்டோவில் மேல்வரிசையில் நிற்பவர்களின் தலைமுடி போவது இதனால்தான். பிரிண்ட் கொடுக்கும் முன் நீங்களே கிராப் செய்துவிடுங்கள், அல்லது வெள்ளை ஓரம் விட்டு அடியுங்கள்.

படத்தின் பிக்ஸலையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் 4×6க்கு 1200×1800, ஏ4க்கு 2480×3508 வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும். மேக்ஸி சைஸுக்கு ஒப்பேறலாம், ஏ4க்குப் போதாது. அனுப்பியவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு நல்ல பேப்பரும் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது.

ஆறாவது படி: கொஞ்சமாக வாங்கி, ஒரே படத்தை அடித்துப் பாருங்கள்

100 தாள் பாக்கெட் மலிவு என்று முதலிலேயே வாங்காதீர்கள். மூன்று வகையில் 20 தாள் பாக்கெட்டாக வாங்கி, ஒரே படத்தை மூன்றிலும் அடியுங்கள். அந்தப் படத்தில் நம் வீட்டு மனிதர்களின் முகம் இருக்கட்டும். மாநிறமும் கறுத்த நிறமும் சில பேப்பர்களில் செங்கல் சிவப்பாகத் திரும்பும், சிலவற்றில் சாம்பல் பூத்துப்போகும். வெள்ளைக்கார மாடல் படத்தை அடித்துப் பார்த்து வாங்கினால் இது தெரியவே தெரியாது. வெள்ளை வேட்டி, கறுத்த தலைமுடி, பட்டு என்று மூன்றும் இருக்கும் படமாக அமைந்தால் இன்னும் நல்லது.

அடிக்கும் முன் நாசில் செக் (மைத்துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு) எடுத்துக் கோடுகள் விடுபடவில்லை என்று பார்த்துவிட்டு, பிரிண்ட் செட்டிங்கில் பேப்பர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு மை தெளிப்பது என்று பிரிண்டர் முடிவு செய்வது இதை வைத்துத்தான். வேறு பிராண்ட் ஆர்.சி. கிளாஸிக்கு எப்சனில் 'பிரீமியம் கிளாஸி', கேனனில் 'போட்டோ பேப்பர் பிளஸ் கிளாஸி 2' என்று தொடங்கலாம். லஸ்டருக்கு எப்சனில் 'பிரீமியம் செமிகிளாஸ்', கேனனில் 'புரோ லஸ்டர்'. அந்தப் பெயர் பட்டியலில் இல்லையென்றால் கிளாஸி செட்டிங்கே போதும். மேட்டுக்கு மேட். காஸ்ட் கோட்டட்டுக்கு பிரீமியம் என்று போடாதீர்கள், மை தேங்கும். வெறும் 'கிளாஸி' என்று இருப்பதை எடுங்கள். தரத்தை 'ஹை'யில் வையுங்கள். ஃபோனிலிருந்து அடிப்பதானால் அந்தந்தக் கம்பெனியின் ஆப் வழியாக அடியுங்கள். பேப்பர் வகை கேட்கும் இடம் அதில் ஒழுங்காக இருக்கும்.

பேப்பர் கம்பெனி உங்கள் பிரிண்டர் மாடலுக்கு ஐ.சி.சி. புரொஃபைல், அதாவது அந்தப் பேப்பருக்கான நிறக் கணக்குக் கோப்பு, தந்திருந்தால் கணினியில் நிறுவிப் பயன்படுத்தலாம். அப்போது நிறத்தைக் கையாள்வது எடிட்டிங் மென்பொருளா பிரிண்டரா என்று ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகம் மெஜன்டாவாகிவிடும்.

மூன்று படமும் திரையில் இருப்பதைவிட இருட்டாக வந்தால் பேப்பரை மாற்றாதீர்கள். ஃபோன் திரை தானே ஒளிர்வது, தாள் அறை வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. படத்தின் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி அடியுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பேப்பர் பெயரையும் செட்டிங்கையும் எழுதி, மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்திலும் இரவு வீட்டு பல்பிலும் பாருங்கள். அடித்த உடனே தெரியும் நிறமும் நன்றாகக் காய்ந்தபின் தெரியும் நிறமும் ஒன்றல்ல.

இன்னொரு சோதனைக்குப் பொறுமை வேண்டும், ஆனால் பலன் நிச்சயம். ஒவ்வொரு படத்தையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்கள், மறு பாதியைப் புத்தகத்துக்குள் வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் சேர்த்து வைத்தால், உங்கள் மையும் அந்தப் பேப்பரும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

காயவைப்பதும் பாதுகாப்பதும்

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மையில் இருக்கும் கிளைக்கால் போன்ற கரைப்பான்கள் மெதுவாகத்தான் வெளியேறும். ஆர்.சி. பேப்பரில் அவை கீழே இறங்க வழியில்லாததால் மேல்வழியாகத்தான் போகவேண்டும். உடனே சட்டத்துக்குள் வைத்து மூடினால் சில நாளில் கண்ணாடியின் உள்பக்கத்தில் புகை படிந்தது போல மங்கல் வரும், சில நேரம் படத்தின் நிழலே அதில் பதிந்திருக்கும். முதலில் அரைமணி நேரம் திறந்து வையுங்கள். பிறகு மேலே சாதாரண ஏ4 தாள் ஒன்றை வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அந்தத் தாள் லேசாக நெளிந்திருந்தால் கரைப்பானை உறிஞ்சியிருக்கிறது என்று பொருள். புதுத் தாள் மாற்றி இன்னொரு நாள் வையுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்வது நல்லது. ஃபேன் காற்றை நேராக அடிக்கவிடாதீர்கள், தாள் சுருளும்.

சட்டம் போடும் கடையில் மவுண்ட் வைத்துப் போடச் சொல்லுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அந்த அட்டையின் தடிமனாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஈரக்காலத்தில் கிளாஸி படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியில் போய்விடும். ஆல்பம் வாங்கும்போது பி.வி.சி. உறையைத் தவிர்த்து, பாலிப்ரோப்பிலீன் உறையாகக் கேளுங்கள். திறந்தவுடன் பிளாஸ்டிக் நாற்றம் தூக்கியடிக்கும் ஆல்பம் வேண்டாம்.

மீதிப் பேப்பரைப் பிரிண்டர் டிரேயிலேயே விட்டுவைக்காதீர்கள். தூசியும் ஈரமும் சேரும், தாள் வளையும். வளைந்த தாளில் பிரிண்டர் ஹெட் உரசி ஓரத்தில் மை இழுக்கும். அதன் சொந்தப் பாக்கெட்டில் போட்டு, ஜிப் கவருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, அலமாரியில் படுக்கையாக வையுங்கள். செருப்பு வாங்கும்போதும் பை வாங்கும்போதும் வரும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்தால் போதும். எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து எடுங்கள், பிரிண்டரில் ஒவ்வொரு தாளாகப் போடுங்கள்.

உங்களுக்குப் பிடித்த பேப்பர் எது என்று முடிவானதும், பின்னால் குறிப்பு எழுதிய சோதனைப் படத்தையும் பாக்கெட்டின் லேபிளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அதே பெயரில் அடுத்த பாக்கெட் வாங்கும்போது அதே படத்தை ஒரு தாளில் அடித்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். மலிவு பிராண்டுகளில் அட்டை மாறாமலே உள்ளே பேப்பர் மாறியிருப்பது உண்டு. நிறம் மாறியிருந்தால் மீதித் தாள்களோடு பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடிகிற மாதிரி, பில்லையும் அதே கவரில் வைத்துவிடுங்கள்.